தரம் ஒன்பதோடு நின்றுபோகும் ஓட்டம்

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும் நாட்களில் எந்தப் பெண்கள் பாடசாலைக்குள் நுழைந்தாலும் ஒரு விடயத்தைக் காணலாம். கீழ்ப்பிரிவு மாணவியருக்கான ஓட்டப் போட்டிக்குப் பெயர் கேட்டால் வகுப்பே கையை உயர்த்தும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று இல்லப் பொறுப்பாசிரியை திண்டாடுவார். அதே இல்லத்தின் மேற்பிரிவுக்கோ ஆள் தேட வேண்டியிருக்கும். "ஒரு புள்ளிக்காகவாவது வந்து நில்லுங்கள் பிள்ளைகள்" என்று கெஞ்ச வேண்டியிருக்கும். மூன்று நான்கு வருடங்களுக்கு முன்னர் முந்திக்கொண்டு கையை உயர்த்திய அதே பிள்ளைகள்தாம் இவர்கள். கால் நீண்டிருக்கிறது, உடலுக்கு வலுக் கூடியிருக்கிறது. ஓட்டம் மட்டும் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் கிடைக்கின்றன. பெண்ணின் உடல் அதற்கு ஏற்றதல்ல என்பது ஒன்று. எங்கள் மார்க்கம் அதற்கு இடந்தராது என்பது இரண்டாவது. அவர்களுக்கே விருப்பமில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடல் தாங்காதா?

நவீன ஒலிம்பிக் போட்டிகள் 1896 ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் ஆரம்பமானபோது அதில் ஒரு பெண்ணும் பங்குபற்றவில்லை. அடுத்து 1900 இல் பாரிஸில் நடைபெற்ற போட்டிகளில் கலந்துகொண்ட 997 பேரில் 22 பேர் மாத்திரமே பெண்கள். பெண்களுக்கான ஓட்டப் போட்டிகள் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட 1928 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1928 ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாமில் நடந்த பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டத்தின் கதை நாம் அறிய வேண்டியதாகும். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். முதலிடம் பெற்ற ஜேர்மனிய வீராங்கனை லினா ராட்கே உலக சாதனையும் படைத்தார். ஆனால், ஓட்டத்தின் முடிவில் சிலர் களைத்துப் புல்தரையில் சாய்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்தன. பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்றும், இத்தகைய ஓட்டம் பெண்ணுடலுக்குக் கேடு என்றும் எழுதின. ஆண்களும் ஓடி முடித்துச் சாய்வதுண்டு. அதை எவரும் நோய் என்று சொன்னதில்லை. விளைவு, 200 மீற்றருக்கு மேற்பட்ட எந்த ஓட்டமும் பெண்களுக்கு வேண்டாம் என்று தீர்மானிக்கப்பட்டது. 800 மீற்றர் ஓட்டம் மீண்டும் ஒலிம்பிக்குக்கு வந்தது 1960 இல், உரோம் நகரில். ஒரு தவறான செய்தி முப்பத்திரண்டு வருடங்களைத் தின்றுவிட்டது.

பெண்களுக்கான மரதன் ஓட்டம் 1984 இல் லொஸ் ஏஞ்சலிஸில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் ஜோன் பெனொய்ட் 42 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அந்தத் தூரத்தை 2 மணித்தியாலம் 24 நிமிடம் 52 செக்கன்களில் ஓடி முடித்தார். 800 மீற்றரைத் தாங்காது என்று சொல்லப்பட்ட அதே உடல்தான் இதையும் ஓடியது.

மருத்துவம் இன்று சொல்வது அன்றைய அச்சத்துக்கு நேர் எதிரானது. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை வருத்தி இயங்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கென்று அது குறைவான அளவு எதையும் வகுக்கவில்லை. ஆனால், 2016 ஆம் ஆண்டின் நிலையை வைத்து அந்நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் 11 முதல் 17 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேரும், பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேரும் அந்த அளவை எட்டுவதில்லை. பெண்களின் எலும்பு பெறக்கூடிய உறுதியில் ஏறத்தாழ 90 சதவீதம் 18 வயதுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. ஓடுதலும் பாய்தலும் அந்த உறுதியை வளர்ப்பவை. ஆகவே, எலும்பு தனக்குரியதைச் சேர்த்துக்கொள்ளும் வயதிலேயே நாம் பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறோம்.

மாதவிடாய் நாட்களைப் பற்றியும் இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான ஒரு மாணவி அந்நாட்களில் உடற்பயிற்சி செய்வதால் அவளுக்குத் தீங்கு ஏற்படுவதில்லை. இலேசான பயிற்சி வயிற்று வலியைக் குறைப்பதாகவே பலர் உணர்கிறார்கள். அதிக வலியோ அதிக இரத்தப்போக்கோ இருந்தால் ஓய்வெடுப்பதும் வைத்தியரைக் காண்பதும் சரியே. ஆனால், பெரும்பாலான பிள்ளைகளை அந்நாட்களில் மைதானத்திலிருந்து விலக்கி வைப்பது வலியல்ல. மைதானத்துக்கு அருகில் கழிவறை இல்லை, தண்ணீர் இல்லை, சுகாதாரத் துவாய் மாற்ற இடமில்லை, ஆசிரியரிடம் சொல்ல வெட்கம் என்பவைதாம் காரணங்கள். இவை உடலின் குறைகளல்ல. நாம் செய்து கொடுக்காத வசதிகள்.

மார்க்கம் தடுக்கிறதா?

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்ததும், அதில் ஆயிஷா (ரழி) அவர்கள் முந்தியதும், பின்னொரு தடவை நபியவர்கள் முந்தி, அது இதற்குப் பதிலாக அமைந்தது என்று சொன்னதும் நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த செய்தி. ஓடுவதே கூடாது என்று சொல்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள்? உண்மையில் நம் பெற்றோரில் பலர் கவலைப்படுவது ஓட்டத்தைப் பற்றியல்ல. ஆடை ஒழுங்கு எப்படி இருக்கும், பார்ப்பவர்கள் யார், பயிற்றுவிப்பவர் யார், யாருடன் போய் யாருடன் வருவாள் என்பவற்றைப் பற்றியே. இவை நியாயமான கேள்விகள். இவற்றுக்கு "போகாதே" என்பதைவிட நல்ல பதில்கள் இருக்கின்றன.

ஆடை விடயத்தில் உலகம் கடந்துவந்த வழியைப் பார்ப்போம். ஈரான் நாட்டுப் பெண்கள் உதைபந்தாட்ட அணி 2011 ஜூன் மாதம் ஜோர்தானின் அம்மான் நகரில் ஒலிம்பிக் தகுதிகாண் போட்டிக்காக மைதானத்தில் இறங்கியது. தலையையும் கழுத்தையும் மூடிய ஆடை பாதுகாப்பானதல்ல என்று கூறி அவர்கள் விளையாட அனுமதிக்கப்படவில்லை. ஒரு பந்தைக்கூட உதைக்காமலே அந்த அணி தோற்றதாக முடிவாகியது. அதன்பின் ஜோர்தான் இளவரசர் அலி பின் அல் ஹுசைன் இந்த விதியை மாற்ற முன்னின்று உழைத்தார். இழுத்தால் இலகுவாகக் கழன்றுவரும் விதத்தில் விளையாட்டு ஹிஜாப்கள் வடிவமைக்கப்பட்டன. 2012 இல் பரீட்சார்த்தமாகவும், 2014 மார்ச் மாதம் நிரந்தரமாகவும் உதைபந்தாட்டத்தில் தலையை மூட அனுமதி வழங்கப்பட்டது. கூடைப்பந்தாட்டத்திலும் 2017 இல் விதி மாறியது. 2023 ஆம் ஆண்டு பெண்கள் உலகக் கிண்ணப் போட்டியில் மொரோக்கோ அணியின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபுடன் விளையாடி, அவ்வாறு உலகக் கிண்ணத்தில் ஆடிய முதலாவது வீராங்கனையானார்.

அதே மொரோக்கோவின் நவால் அல் முத்தவக்கில்தான் 1984 இல் பெண்களுக்கான 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் தங்கம் வென்று, ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதலாவது அரபு முஸ்லிம் பெண்ணாக வரலாற்றில் இடம்பிடித்தவர். 2016 இல் ரியோ நகரில் எகிப்தின் சாரா அஹ்மத் ஹிஜாபுடன் பளுதூக்கி வெண்கலம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மரதனை வென்ற நெதர்லாந்தின் சிபான் ஹசன், நிறைவு விழாவில் ஹிஜாப் அணிந்து நின்று தன் தங்கப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார்.

எனினும் இந்தப் பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. அதே பாரிஸ் போட்டிகளில் பிரான்ஸ் தன் சொந்த வீராங்கனைகள் ஹிஜாப் அணிவதைத் தடைசெய்திருந்தது. ஒரு பக்கத்தார் "அதைக் கழற்றிவிட்டு விளையாட வா" என்கிறார்கள். இன்னொரு பக்கத்தார் "அதை அணிந்தவளுக்கு மைதானத்தில் என்ன வேலை" என்கிறார்கள். இரு சாராரும் ஒருவரையொருவர் எதிரிகளாக நினைத்துக்கொண்டாலும், பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதில் ஒன்றுபட்டு விடுகிறார்கள்.

விருப்பமில்லையா?

மூன்றாவது பதில்தான் மிகவும் இலகுவானது. பழியைப் பிள்ளையின் தலையிலேயே போட்டுவிடலாம். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நாட்டின் அனுபவம் உதவுகிறது.

அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. அரச நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பார்த்து வாய்ப்பை மறுக்கக்கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டும் அதற்குள் அடங்கியது. சட்டம் வருவதற்கு முன்னர் அந்நாட்டு உயர்பாடசாலை அணிகளில் விளையாடிய மாணவியர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். இன்று 30 இலட்சத்துக்கும் அதிகம். இடைப்பட்ட காலத்தில் பெண் பிள்ளைகளின் மனம் பத்து மடங்கு மாறிவிடவில்லை. மைதானம், நேரம், பயிற்றுவிப்பாளர், பணம் ஆகியவற்றின் பங்கீடு மாறியது. வாய்ப்பு வந்த பின்னர் விருப்பம் வெளியே தெரிந்தது.

நம் நாட்டிலும் விருப்பத்துக்கும் திறமைக்கும் குறைவிருந்ததில்லை. இலங்கை இதுவரை வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டே. அவற்றில் ஒன்று 1948 இல் டங்கன் வைட் வென்றது. மற்றையது கேகாலை மாவட்டத்தின் ஓர் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்த சுசந்திகா ஜயசிங்க 2000 ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் வென்றது. ஆசிய வலைப்பந்தாட்டச் சம்பியன் பட்டத்தை 2018 இல் இலங்கை கைப்பற்றியபோது அதன் தூணாக நின்றவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். 2023 இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்ற தருஷி கருணாரத்ன அப்போது பதின்ம வயதினர். 2024 ஜூலையில் தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை உயர்த்தியது. இந்தப் பட்டியலில் நம் ஊர்ப் பெண் பிள்ளைகளின் பெயர்களை ஏன் அதிகம் காணவில்லை என்ற கேள்வி, நம்மிடம் திறமை இல்லை என்ற முடிவுக்கு நம்மைக் கொண்டுசெல்லக் கூடாது. பாதியில் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அப்படியானால் எது தடுக்கிறது?

தரம் ஆறு முதல் ஒன்பது வரை சுகாதாரமும் உடற்கல்வியும் கட்டாய பாடம். தரம் பத்தில் அது விரும்பித் தெரிவுசெய்யும் பாடங்களுள் ஒன்றாகிவிடுகிறது. பிள்ளை "பெரிய பிள்ளை" ஆகி வீட்டின் பார்வை மாறுவதும், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கான தனியார் வகுப்புகள் தொடங்குவதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். மூன்று கதவுகள் ஒரே சமயத்தில் மூடுகின்றன.

அதன் பின்னரும் ஓட விரும்பும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. வான் உடனே புறப்பட்டுவிடும். பயிற்சிக்கு நின்றால் தனியாக வீடு செல்ல வேண்டும் அல்லது வாப்பா தன் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். மாலையில் தனியார் வகுப்பு. அது இல்லாத நாளில் வீட்டில் உம்மாவுக்கு உதவி. அவளுடைய தம்பிக்கும் அதே பாடசாலை நேரம்தான், அதே வகுப்புகள்தாம். ஆனால், நான்கரை மணிக்கு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுகிறான். ஊரின் பொது மைதானம் என்று பெயர் இருந்தாலும் அங்கே அவளுக்கென்று ஒரு மணித்தியாலமும் ஒதுக்கப்பட்டதில்லை. யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

பாடசாலை மட்டத்தைத் தாண்டி வலயம், மாகாணம் என்று தெரிவானால் அடுத்த தடைகள் வரும். அதிகாலைப் பயணம், வெளியூரில் தங்குதல், கூடச் செல்ல ஆசிரியை இல்லாமை, சப்பாத்துக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவு. அனுமதி கேட்காமல் எடுத்த புகைப்படம் முகநூலில் வந்துவிடுமோ என்ற பயம். "குமருப் பிள்ளை வெயிலில் ஓடிக் கறுத்துப் போனால் யார் கேட்டு வருவது" என்ற பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று பெற்றோர் பின்வாங்குகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வட்டம் சுழல்கிறது. பெண் பயிற்றுவிப்பாளர் இல்லை என்பதால் பிள்ளைகள் விளையாடுவதில்லை. பிள்ளைகள் விளையாடாததால் உடற்கல்வியைத் தொடர்ந்து கற்பவர்கள் இல்லை. கற்பவர்கள் இல்லாததால் அடுத்த தலைமுறைக்கும் பெண் பயிற்றுவிப்பாளர் இல்லை. தேசிய கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்வி ஒரு பயிற்சிநெறியாக இருக்கிறது. விளையாட்டில் அதிவிசேட திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடும் இருக்கிறது. ஆகவே, நின்றுபோகும் ஓட்டத்தோடு ஒரு பதக்கம் மட்டுமல்ல, ஒரு பட்டமும் ஒரு தொழிலும்கூட நின்றுபோகலாம்.

சமத்துவம் என்றால் என்ன?

ஆண்களும் பெண்களும் எல்லாவற்றையும் ஒரே விதமாகச் செய்ய வேண்டும் என்பதே சமத்துவம் என்று சிலர் நினைத்து அஞ்சுகிறார்கள். விளையாட்டே இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. குறுந்தூரத் தடைதாண்டல் ஓட்டத்தில் ஆண்களுக்கான தூரம் 110 மீற்றர், தடையின் உயரம் 106.7 சென்ரிமீற்றர். பெண்களுக்குத் தூரம் 100 மீற்றர், உயரம் 83.8 சென்ரிமீற்றர். ஆண்கள் எறியும் குண்டின் எடை 7.26 கிலோகிராம், பெண்களுடையது 4 கிலோகிராம். இதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. பதக்கமும் ஒன்றே, மதிப்பும் ஒன்றே. ஒவ்வொருவரும் தம் முழுத் திறமையையும் காட்டக்கூடிய விதமாக ஏற்பாடு செய்வதே சமத்துவம். ஆடையை மூடி அணிய விரும்பும் பிள்ளைக்கு அதற்கேற்ற உடையும், பெண் பயிற்றுவிப்பாளரை விரும்பும் பிள்ளைக்கு அவரையும் தேடிக்கொடுப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததே.

இது யாரும் இரங்கித் தரும் உதவியுமல்ல. ஆண், பெண் என்ற காரணத்தால் எவருக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்று நம் அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை கூறுகிறது. பெண்களுக்கெதிரான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான 1979 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1981 இல் ஏற்றுக்கொண்டது. விளையாட்டிலும் உடற்கல்வியிலும் பெண் பிள்ளைகளுக்குச் சம வாய்ப்பு இருக்க வேண்டும் என்று அதன் 10 ஆவது உறுப்புரை தெளிவாகவே குறிப்பிடுகிறது.

தடைகளை யார் எடுப்பது?

மேலே சொன்ன தடைகளில் எதுவும் மலையல்ல. ஒவ்வொன்றையும் நகர்த்தக்கூடிய ஒருவர் நம்மிடையே இருக்கிறார். கால அட்டவணையில் பாடசாலை நேரத்துக்குள்ளேயே பயிற்சிக்கு இடம் ஒதுக்குவது நிருவாகத்தின் கையில் இருக்கிறது. வான் பிரச்சினையில் பாதி அத்தோடு தீரும். முழுக்கையும் முழுக்காலும் மூடிய, வியர்வை காயக்கூடிய துணியில் ஒரே நிற விளையாட்டு உடையைத் தைப்பிக்கப் பழைய மாணவியர் சங்கம் உதவலாம். பொது மைதானத்தில் வாரத்தில் இரண்டு நாட்களைப் பெண்களுக்கென ஒதுக்குமாறு பிரதேச சபையிடம் கேட்பதில் பள்ளிவாசல் நிருவாகம் முன்நிற்கலாம். அனுமதியின்றிப் படம் எடுக்கக்கூடாது என்ற ஒரு விதியைப் போட்டிக்கு முன்னரே அறிவிக்கலாம். வெளியூர்ப் போட்டிகளுக்கு உம்மாமாரில் இருவரைக் கூட அழைத்துச் செல்லலாம். ஒருமுறை மைதானத்தைக் கண்ட தாய், ஊர் வாய்க்குப் பதில் சொல்லத் தானாகவே கற்றுக்கொள்வாள்.

மாணவியரான நம் பங்கும் உண்டு. "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லும் முன்னர், அது உண்மையிலேயே விருப்பமின்மையா, அல்லது கேட்டால் கிடைக்காது என்று முன்கூட்டியே கைவிட்டதா என்று நம்மையே கேட்டுப் பார்க்க வேண்டும். விளையாட்டை விரும்பாதவளுக்கு அதை விட்டுவிட உரிமை உண்டு. விரும்புகிறவள் காரணத்தைப் பெயர் சொல்லிக் கூற வேண்டும்: வான் இல்லை, உடை இல்லை, துவாய் மாற்ற இடமில்லை. பெயர் சொல்லப்பட்ட தடையை யாராவது ஒருவர் எடுத்து வைக்க முடியும்.

இவ்வருடம் தரம் ஒன்பதில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த வருடம் பாடத் தெரிவுப் படிவத்தை நிரப்புவார்கள். அவர்களில் ஒருத்தி உடற்கல்வி என்ற கூட்டில் அடையாளமிட்டு, தொடர்ந்து கற்று, கல்வியியற் கல்லூரிக்கும் சென்றுவந்தால், பத்து வருடங்களுக்குள் ஏதோ ஒரு பாடசாலை மைதானத்தில் விசிலுடன் ஓர் ஆசிரியை நிற்பார். "பயிற்றுவிப்பவர் யார்?" என்று கேட்கும் பெற்றோருக்கு அன்று பதில் தயாராக இருக்கும்.